பல் போனால் சொல் போச்சு – 17: ஆணி அடித்த அன்றே படம் மாட்டலாமா?

சந்தாபுரா சர்க்கிளில் ஓசூர் நெடுஞ்சாலையை விட்டு ஆனேக்கல் சாலைக்குத் திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்தால், மளிகைக் கடைக்குப் பக்கத்தில் ஒன்று, மொபைல் கடைக்கு மாடியில் ஒன்று என்று பல் ஆஸ்பத்திரிப் பலகைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பலகையில் கன்னடம், உள்ளே நுழைந்தால் தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் காதில் விழும். பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகளுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்கு வீடு பிடிக்கும் ஊர் இது. அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. அதனால் இங்கே தமிழுக்குப் பஞ்சமில்லை.

ஒரு பல்லுக்கு கேப் போட்டுக்கொள்ள அப்படி ஒரு கிளினிக்கில் காத்திருந்தபோதுதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மகனோடு சந்தாபுராவில் இருக்கிறார். கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல் இரண்டு போய்விட்டன. "களிக்குப் பல்லு எதுக்கு சார், உருட்டி முழுங்கற பண்டம். கூட வர்ற கறிக்குத்தான் வேணும்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தவர், டாக்டரிடம் போனதும் சிரிக்கவில்லை. கதவு திறந்தே கிடந்ததால் பேச்சு வெளியே கேட்டது.

"ஏம்மா, செவுத்துல ஆணி அடிச்சா அன்னைக்கே படம் மாட்டறதில்லையா? நீங்க இன்னைக்கு ஆணி அடிச்சிட்டு மூணு மாசம் கழிச்சுப் படம் மாட்டறேன்னு சொல்றீங்களே?"

"ஐயா, செவுத்துக்கு உயிர் இல்ல. தாடைக்கு உயிர் இருக்கு. ஆணியை அது பிடிச்சுக்கணும்ல?"

"பிடிச்சுக்கலேன்னா?"

"எடுத்துட்டு, எலும்பு ஆறினதும் மறுபடி வைப்போம்."

பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை என்பது அவர் செருப்பு மாட்டிய வேகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. இழந்த பல்லுக்கு மாற்றாக எலும்புக்குள்ளேயே ஒன்றை ஊன்ற நினைத்த அத்தனை பேரும் இந்தக் கேள்வியில்தான் முட்டி நின்றார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுக் கதை அது. இந்த வாரம் அதைப் பார்த்துவிடுவோம்.

சிப்பியில் செய்த மூன்று பற்கள்

சென்ற வாரம் ஹூபே மாகாணத்திலிருந்து புறப்பட்டு வந்து கல்கத்தாவிலும் சென்னையிலும் கடை போட்ட சீனப் பல் வைத்தியர்களைப் பார்த்தோம். பட்டம் கிடையாது, அப்பனிடம் மகன் கற்ற கைத்தொழில். அவர்கள் கட்டிய பல்செட் ஆகட்டும், அதற்கு முந்தைய வாரங்களில் பார்த்த எட்ருஸ்கர்களின் தங்கப் பட்டை, வாட்டர்லூ போர்க்களத்துப் பிணங்களிலிருந்து பிடுங்கிய பற்கள், ஜார்ஜ் வாஷிங்டனின் தந்தப் பல்செட் ஆகட்டும், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. அவை ஈறின் மேல் உட்கார்ந்தன, அல்லது பக்கத்துப் பல்லைப் பிடித்துத் தொங்கின. குடியிருந்தது வாயில், வேர் இல்லை.

வேரோடு ஊன்றிப் பார்த்த மிகப் பழைய சான்று என்று பெரும்பாலும் காட்டப்படுவது மத்திய அமெரிக்காவில் கிடைத்தது. 1931-ல் ஹோண்டுராஸ் நாட்டில் உலுவா பள்ளத்தாக்கில் வில்சன், டாரத்தி போப்பெனோ தம்பதியர் அகழ்ந்தபோது ஒரு கீழ்த்தாடைத் துண்டு அகப்பட்டது. கி.பி. 600 வாக்கில் வாழ்ந்த இளம் வயதுக்காரருடையது. முன்பற்கள் மூன்று இருக்க வேண்டிய குழிகளில், பல் வடிவத்தில் இழைத்த சிப்பித் துண்டுகள் மூன்று இருந்தன. செத்த பிறகு சடங்குக்காகச் செருகியிருப்பார்கள் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். 1970-ல் அமாதியோ பொப்பியோ என்ற பிரேசில் பேராசிரியர் அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். சிப்பிகளில் இரண்டைச் சுற்றி எலும்பு அடர்ந்து வளர்ந்திருந்தது. செத்தவர் தாடையில் எலும்பு வளராது. ஆக, அந்த ஆள் சிப்பிப் பல்லோடு கொஞ்ச காலமாவது வாழ்ந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு ஆயிரம் ஆண்டுக்கு மேல் இந்த வழியில் சொல்லும்படியாக யாரும் போகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், மனிதப் பல்லைச் சேவல் கொண்டையில் நட்டுப் பார்த்தார். ஒட்டிக்கொண்டதைக் கண்டு, ஏழைகள் விற்ற பற்களைப் பணக்காரர் வாயில் நடும் வழக்கம் சூடுபிடித்தது. பல் நிலைக்கவில்லை, விற்றவரின் நோய் வாங்கியவருக்குப் போனது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கான்சாஸில் கிரீன்ஃபீல்டு என்ற பல் மருத்துவர், இரிடியம் கலந்த பிளாட்டினக் கம்பியில் சின்னக் கூடை பின்னித் தாடையில் பதித்தார். கூடைக்குள் எலும்பு வளர்ந்து பிடிக்கும் என்பது கணக்கு. ஆற விட்டுவிட்டுப் பிறகுதான் மேலே பல் பொருத்த வேண்டும் என்றும் அவர் சொன்னார். பாதி விடை அப்போதே அவர் கையில் இருந்தது. மீதிப் பாதி உலோகத்தில் இருந்தது; அந்த உலோகம் அன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. 1930களின் கடைசியில் பாஸ்டனில் ஸ்ட்ராக் சகோதரர்கள் கோபால்ட்-குரோமியக் கலவையில் திருகு செய்து வைத்தார்கள். அவற்றில் ஒன்று 1955 வரை நின்றது. 1960களில் நியூயார்க்கின் லெனார்ட் லிங்கோ பிளேடு போன்ற தகட்டைத் தாடையில் இறக்கினார். இப்படிச் சில நின்றன, பல ஆடின. எது நிற்கும், எது ஆடும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

ஏன் ஆடின? வெளியாள் ஒருவன் வீட்டுக்குள் வந்தால் உடம்பு இரண்டில் ஒன்றைச் செய்யும்: தள்ளும், அல்லது சுற்றித் திரை கட்டி ஒதுக்கும். தாடையில் இறக்கிய உலோகத்தைச் சுற்றி நாரால் ஒரு பை பின்னிவிடும். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே நார் இருக்கிறதே, இதுவும் அதுபோலத்தான் என்று அந்தக் காலத்து நிபுணர்கள் தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். பல்லுக்கு அது தாங்கு நார். உலோகத்துக்கு அது சேற்றில் நட்ட கம்பத்தைச் சுற்றியுள்ள சேறு. மெல்ல மெல்லக் கம்பம் சாயும்.

கருமணலில் கிடந்த உலோகம்

1791-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார் ஓடைக் கரையில் கறுப்பு மணலைக் கண்டார். காந்தம் இழுத்தது, ஆனால் இரும்பு மட்டும் இல்லை, வேறெதுவோ கலந்திருந்தது. நான்கு ஆண்டு கழித்து ஜெர்மானியர் கிளாப்ராத் அதே தனிமத்தை வேறொரு தாதுவில் கண்டு, கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரால் டைட்டானியம் என்று அழைத்தார்.

அதே கறுப்பு மணல் நம் கன்னியாகுமரிக் கடற்கரையில் கொட்டிக் கிடந்தது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டி வந்த மணலை ஆராய்ந்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து சேர்ந்தார். அவருக்கு வேண்டியது மோனசைட்டில் உள்ள, கேஸ் விளக்குத் திரிக்கான தோரியம். கூடவே கிடந்த இல்மனைட்டுக்கு, அதாவது டைட்டானியத் தாதுவுக்கு, முதலில் கேட்பாரில்லை. பிறகு வெள்ளைப் பெயின்டுக்கு அது தேவைப்பட்டதும் நிலைமை தலைகீழானது. 1930களில் உலகச் சந்தைக்கு இல்மனைட் அனுப்புவதில் திருவிதாங்கூர் முன்னணியில் நின்றது. இன்றைக்கும் பல பற்பசைகளின் வெண்மை டைட்டானியம் ஆக்சைடு தருவதுதான்.

தாது ஏராளம், உலோகம்தான் கிடைக்கவில்லை. ஆக்சிஜனை அவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்ளும் குணம் டைட்டானியத்துக்கு. 1910-ல் அமெரிக்காவின் மாத்யூ ஹண்டர் தூய உலோகத்தைப் பிரித்தார், ஆனால் பரிசோதனைக் கூடத்து அளவில். லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல், டைட்டானியம் குளோரைடை மக்னீசியத்தோடு வினைபுரிய வைத்துப் பிரிக்கும் முறையை 1940-ல் காப்புரிமை ஆக்கினார். 1948-ல் டியூபான்ட் நிறுவனம் வணிக அளவில் விற்பனையைத் தொடங்கியது. விமானத்துக்காகத்தான் அதைத் தேடினார்கள்: எஃகைப் போல வலு, எடையோ ஏறக்குறையப் பாதி.

ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பிடிவாதம்தான் பின்னால் பல்லுக்கு உதவியது. காற்று பட்ட கணமே டைட்டானியத்தின் மேல் ஒரு ஆக்சைடுப் படலம் படிந்துவிடும். சில நானோமீட்டர் தடிமன்தான். கீறினாலும் உடனே மூடிக்கொள்ளும். உடம்பின் உப்பு நீர் அதை அரிக்காது. எலும்புச் செல்கள் தொடுவது உலோகத்தை இல்லை, பீங்கானை ஒத்த அந்தப் படலத்தை. வெளியாள் வந்திருப்பதே அவற்றுக்கு உறைக்காது.

முயல் காலை விட்டு வர மறுத்த கருவி

உலோகம் சந்தைக்கு வந்த நான்காம் ஆண்டு, 1952-ல், ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர்-இங்வார் புரோனெமார்க் என்ற இளம் மருத்துவர் முயலின் கால் எலும்பைத் துளைத்துக்கொண்டிருந்தார். வயது இருபத்து மூன்று. பல்லைப் பற்றி அவருக்கு நினைப்பே இல்லை. உயிருள்ள எலும்பு மஜ்ஜையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகக் கண்ணாடி பதித்த சின்னக் குழாய் ஒன்றை டைட்டானியத்தில் செய்து எலும்பில் இறக்கி, நுண்ணோக்கி வழியே பார்த்தார்.

ஆராய்ச்சி முடிந்தது. கருவி விலை உயர்ந்தது. கழற்றி அடுத்த முயலுக்கு வைக்கலாம் என்று பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைக் கவ்விப் பிடித்துவிட்டது. உடைக்காமல் பிரிக்க முடியாது. ஒரு கருவி வீணாயிற்றே என்று நொந்துகொண்டு வேறு வேலைக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. 1960-ல் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகும் இந்த ஒட்டுதலையே பின்தொடர்ந்தார். மாணவர் சிலர் தாங்களே முன்வந்து, தங்கள் கைத்தோலில் டைட்டானியக் கருவியைப் பதித்துக்கொண்டு மாதக்கணக்கில் நடமாடினார்கள். உடம்பு கோபித்துக்கொள்ளவில்லை. நாய்த் தாடையில் டைட்டானிய வேர்கள் பல்லாண்டு நின்றன. எலும்புக்கும் உலோகத்துக்குமான இந்த நேரடிப் பிணைப்புக்குப் பின்னாளில் ஆசியோஇன்டெக்ரேஷன் என்று பெயர் வைத்தார். எலும்பிணைவு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

1965-ல் முதல் நோயாளி வந்தார். பெயர் யோஸ்டா லார்சன், வயது முப்பத்து நான்கு. பிறவியிலேயே அண்ணப் பிளவு, தாடை கோணல், கீழ்த்தாடையில் பல்லே கிடையாது. பல்செட் உட்கார மேடு இல்லாத வாய். இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்தான் இப்படிப்பட்ட சோதனைக்கு முதலில் வருவார். கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளை வைத்தார் புரோனெமார்க். ஈறை மேலே மூடித் தைத்து, மாதக்கணக்கில் தொடாமல் விட்டு, பிறகு திறந்து பற்களைப் பொருத்தினார். லார்சன் 2006-ல் இறந்தார். நாற்பது ஆண்டுக்கும் மேல் அந்தத் திருகுகள் அவர் தாடையிலேயே இருந்தன.

கவனிக்க வேண்டியது அந்த மாதக்கணக்கைத்தான். கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், எலும்பு மென்மையான மேல்தாடைக்கு ஆறு மாதம் என்று வழக்கம் வகுத்தார்கள். துளையிடுவதும் தச்சு வேலை போல இருக்கக்கூடாது. மெதுவாக, உப்பு நீர் பாய்ச்சிக் குளிர்வித்துக்கொண்டே போக வேண்டும். எலும்பு 47 டிகிரி செல்சியஸுக்கு ஒரு நிமிடம் சூடானாலே அந்த இடம் கெட்டுப்போகும் என்று கோத்தன்பர்க் குழுவின் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983-ல் காட்டினார்கள். சூட்டில் செத்த எலும்பு எந்த உலோகத்தையும் பிடிக்காது.

பெரியவரின் ஆணிக் கேள்விக்கு இங்கேதான் விடை. திருகை இறக்கிய அன்று அது இறுக்கமாகவே இருக்கும். அது மரத்தில் ஏறிய திருகின் இறுக்கம் மட்டுமே. அடுத்த சில வாரங்களில், காயம்பட்ட பழைய எலும்பை உடம்பே அரித்து அகற்றத் தொடங்கும். புது எலும்பு இன்னும் முற்றியிருக்காது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ஒரு கட்டத்தில் பிடிப்பு முதல் நாளைவிடக் குறைந்து, பிறகுதான் ஏறும். அந்தத் தள்ளாட்டக் காலத்தில் மேலே பல்லை வைத்துக் கறி கடித்தால் திருகு அசையும். எவ்வளவு அசைந்தால் கெடும்? ஒன்றிரண்டு தலைமுடியின் தடிமன் அளவு போதும். எலும்பு வளர வேண்டிய இடத்தில் நார் வளர்ந்துவிடும். பிறகு எத்தனை மாதம் பொறுத்தாலும் பயனில்லை.

பல்குச்சி விளம்பரமும் ஒரு வெட்டுத் துண்டும்

கண்டுபிடித்தவர் பல் மருத்துவர் இல்லை, உடற்கூறியல்காரர். ஸ்வீடன் பல் மருத்துவப் பேராசிரியர்களுக்கு அதுவே உறுத்தல். ஆராய்ச்சிப் பணம் கிடைப்பது கஷ்டமாயிற்று. 1969-ல் ஒரு கூட்டத்தில், புரோனெமார்க்கின் ஆராய்ச்சி ரீடர்ஸ் டைஜஸ்டில் வந்ததைக் குத்திக்காட்டி, இப்படிப்பட்டவரை நம்புவதற்கில்லை என்று மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து சொன்னாராம். அந்தப் பேராசிரியர் பல்குச்சிப் பெட்டி விளம்பரத்தில் வருபவர். பல்குச்சிப் பெட்டியின் முதுகில் விளம்பரம் கொடுப்பவரை நானும் நம்புவதில்லை என்று புரோனெமார்க் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

சண்டைக்குப் பின்னே நியாயமான ஒரு கேள்வியும் இருந்தது: எலும்பு நேராக உலோகத்தைத் தொடுகிறது என்கிறீர்களே, கண்ணால் காட்டுங்கள். எலும்பையும் உலோகத்தையும் சேர்த்து மெல்லிய சீவலாக வெட்ட அன்றைய முறைகளால் முடியாது. திருகை உருவிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். உருவியதும் சாட்சி போய்விடும். 1976-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரப் பேராசிரியர் ஆந்த்ரே ஷ்ரோடர், உலோகம் இருந்தபடியே வெட்டிய துண்டில் இடைவெளி இல்லாத ஒட்டுதலைக் காட்டினார். அவரோடு கைகோத்தது வால்டன்பர்க்கின் ஸ்ட்ராமன் நிறுவனம். கடிகார ஸ்பிரிங்குக்கான உலோகக் கலவையில் பெயர் பெற்ற குடும்பம் அது. கடிகாரத்தில் தேறிய உலோக அறிவு தாடைக்குப் போனது.

1977-ல் கோத்தன்பர்க் குழு பத்தாண்டு அனுபவத்தை வெளியிட்டது. 1981-ல் பதினைந்து ஆண்டுக் கணக்கு வந்தது: 371 நோயாளிகள், 2,768 திருகுகள். ஐந்து முதல் ஒன்பது ஆண்டு கண்காணித்ததில், கீழ்த்தாடையில் 91 சதவீதமும் மேல்தாடையில் 81 சதவீதமும் அசையாமல் நின்றன. அதுவரை இந்தத் துறையில் யாரும் தோல்விகளை இப்படி ஒன்றுவிடாமல் எண்ணி வெளியிட்டதில்லை. 1982-ல் பல் மருத்துவப் பேராசிரியர் ஜார்ஜ் சார்ப் டொராண்டோவில் கூட்டிய மாநாட்டில் வட அமெரிக்கப் பேராசிரியர்கள் எலும்பிணைவை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஈழத் தமிழர்கள் போய்ச் சேரவிருந்த அதே டொராண்டோ.

பீரங்கிக் கம்பெனியின் பல்

இந்த இடத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெயர் வருகிறது. திருகுகளைப் பெரும் அளவில் துல்லியமாகக் கடைந்து தர ஒரு தொழிற்சாலை வேண்டியிருந்தது. 1978-ல் புரோனெமார்க் கூட்டுச் சேர்ந்தது போஃபர்ஸோடு. ஆம், அதே போஃபர்ஸ். 1894-ல் ஆல்ஃபிரட் நோபல் வாங்கிய இரும்பாலை. 1981-ல் இந்தத் தொழிலுக்கென நோபல்பார்மா என்ற நிறுவனம் உருவானது. பின்னாளில் நோபல் பயோகேர்.

1986 மார்ச்சில் இந்தியா 1,437 கோடி ரூபாய்க்கு 410 பீரங்கிகள் வாங்க போஃபர்ஸோடு ஒப்பந்தம் போட்டது. 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி லஞ்சச் செய்தியை உடைத்தது. சென்னையிலிருந்து வந்த தி இந்து நாளேடு ஆவணங்களை வரிசையாக வெளியிட்டது. டீக்கடை பெஞ்சு வரை அந்தப் பெயர் போயிற்று. 1989-ல் மத்தியில் ஆட்சி போயிற்று. பீரங்கியைப் பற்றி நாடே பேசிய அந்த நாட்களில், அதே குழுமத்தின் லேத்துகள் பல்லுக்கும் வேர் கடைந்துகொண்டிருந்தன என்பதை நம் ஊரில் பல் மருத்துவர்களைத் தவிர யார் கவனித்திருப்பார்கள்!

இந்தியாவுக்கு இந்தத் திருகு வேர், அதாவது இம்ப்ளான்ட், வந்தபோது, வெளிநாட்டு விலையோடுதான் வந்தது. ஸ்வீடன், ஸ்விஸ் திருகுகள், பின்னால் இஸ்ரேல், கொரியத் திருகுகள். 1920-ல் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் பிரிவு வந்தது. 1958-ல் பெங்களூரில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. இன்று நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள். கைக்குப் பஞ்சமில்லை. சந்தாபுரா போன்ற புறநகரிலும் இம்ப்ளான்ட் வைக்கத் தெரிந்தவர் கிடைக்கிறார். ஆனால் ஒரு பல்லுக்கே ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்க வேண்டும். மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை விபத்தில் போன பல்லை மட்டுமே கணக்கில் எடுக்கும். வயதில் போன பல்லும் வெற்றிலை-புகையிலையில் போன பல்லும் அவரவர் பாடு.

விலையை உடைக்க ஒரு முயற்சி டெல்லியில் நடந்தது. மவுலானா ஆசாத் பல் மருத்துவக் கழகத்தின் மகேஷ் வர்மாவும் ஐஐடி டெல்லியின் பொறியாளர்களும், மத்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு உள்நாட்டு இம்ப்ளான்ட் ஒன்றை வடிவமைத்தார்கள். உலோகப் பக்கம் பார்த்தால், 2011-ல் கேரளத்தின் சவறாவில் ஆண்டுக்கு 500 டன் டைட்டானிய உலோகத்தைப் பஞ்சு வடிவில் தயாரிக்கும் ஆலை தொடங்கியது. விண்வெளித் துறையின் பணம், ஐதராபாத் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தின் நுட்பம், கொல்லம் கடற்கரையின் மணல். மண்ணாகவே ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு, உலோகமாக எடுக்கக் கற்றுக்கொள்ள ஷோம்பர்க் வந்து நூறு ஆண்டு ஆகியிருக்கிறது. பொறுமை நமக்கும் புதிதில்லைதான். ஆனால் தாடைக்குத் தேவை மூன்று மாதம்தானே!

அன்றே மாட்டுவோரும் உண்டு

பெரியவர் பக்கம் ஒரு நியாயம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது சிலருக்கு, அறுவை செய்த அன்றே, அல்லது ஓரிரு நாளில் பல் பொருத்துகிறார்கள். 1990களின் இறுதியில் லிஸ்பனில் பவுலோ மாலோ, பல்லில்லாத தாடையில் நான்கே திருகு வைத்து முழு வரிசையை உடனே மாட்டும் முறையைக் கொண்டுவந்தார். புரோனெமார்க்கின் விதி அங்கே மீறப்படவில்லை. நான்கு திருகையும் ஒரே சட்டத்தால் பிணைத்து, ஒன்றை மற்றொன்று அசையவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். எலும்பு கேட்டது அசையாமல் இரு என்பதை; மூன்று மாதம் என்பது அதற்கு மனிதன் கண்ட எளிய வழி. எலும்பு அடர்த்தி, திருகின் முதல் பிடிப்பு, சர்க்கரை அளவு, பீடி சிகரெட் பழக்கம் எல்லாம் பார்த்துத்தான் யாருக்கு எது என்று முடிவாகிறது. பெரியவருக்குச் சர்க்கரை உண்டு. அதனால் மூன்று மாதம்.

சரியாக அந்த மூன்றாம் மாதம், என் கேப்பைச் சரிபார்க்கப் போன நாளில் அவரும் வந்திருந்தார். இம்முறையும் கதவு திறந்தே இருந்தது. டாக்டர் ஈறுக்கு மேலே தெரிந்த உலோகத்தைக் கண்ணாடிக் கருவியின் காம்பால் மெல்லத் தட்டினார். பிடிக்காத திருகு மந்தமாக ஒலிக்கும். எலும்போடு இணைந்தது கணீரென்று சொல்லும். வெளியே எனக்கே கேட்டது.

"கெட்டிச் சத்தம்" என்றார் பெரியவர், ஆயுசுக்கும் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தவர். "என்ன உலோகம்மா இது?"

"டைட்டானியம் ஐயா."

"நம்ம ஓசூர் டைட்டனா?"

டாக்டர் சிரித்துவிட்டார். ஓசூர் டைட்டனுக்கு அந்தப் பெயர் டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்ற இரண்டின் முதல் எழுத்துகளைக் கோத்து வந்தது. கிளாப்ராத்தின் டைட்டானியம் கிரேக்கப் புராணத்திலிருந்து வந்தது. இரண்டும் ஒரே ஆள் வாயில் சந்தித்தது சந்தாபுராவில்.

பல்லைப் பொருத்திவிட்டு டாக்டர் ஒரு எச்சரிக்கை சொன்னார். இயற்கைப் பல்லைச் சுற்றியுள்ள தாங்கு நாரில் உணர்வு நரம்புகள் உண்டு. சோற்றில் குருணைக் கல் ஒன்று சிக்கினாலும் பல் உடனே கூசி, வாய் தானாகத் திறந்துகொள்ளும். திருகில் நின்ற பல்லுக்கு அந்த நார் இல்லை. எலும்பின் வழியாக மங்கலாகத் தெரிவதோடு சரி. அறுபது ஆண்டு ஆராய்ச்சியும் வேரைத் தந்தது. கூச்சத்தைத் திருப்பித் தரவில்லை.

"அதாவது ஐயா, இந்தப் பல்லுக்குக் கல்லு தெரியாது. கடக்குன்னு கடிச்சிட்டீங்கன்னா மேல இருக்கற பல்லு உடையும்."

பெரியவர் நாக்கால் புதுப் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப இனிமே அரிசியை நானே அரிச்சுக்கறேன்" என்றார்.

(அடுத்த வாரம்: தண்ணீரே பல்லைத் தின்ற கதை. 1937-ல் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் மருத்துவர்கள் நெல்லூர்ப் பக்கம் கண்ட ஃபுளோரைடு நோயிலிருந்து தருமபுரி ஒகேனக்கல் குடிநீர் வரை.)

– தொடரும்